302-க்குப் பிறகு யார் பேசுவது?

302 என்ற எண்ணை நமக்கு அறிமுகப்படுத்தியது தமிழ் சினிமாதான். கறுப்பு அங்கி போட்ட நடிகர் கையை நீட்டி "செக்ஷன் 302" என்று முழங்கினால் போதும். யாரோ ஒருவர் தூக்குமேடைக்குப் போகப்போகிறார் என்று வீட்டில் இருக்கும் பாட்டிக்குக்கூடப் புரிந்துவிடும். படம் சென்னையில் எடுத்ததாக இருக்கலாம். ஆனால் நம் பினாங்கில், லைட் ஸ்திரீட் உயர்நீதிமன்றத்திலும் கொலைக்கு அதே 302-தான். சிங்கப்பூரிலும் அதேதான். 1860-இல் இந்தியாவுக்காக எழுதிய தண்டனைச் சட்டத்தை வெள்ளைக்காரன் பிற்பாடு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கும் கொண்டுவந்தான். எண்ணை மாற்றும் வேலையைக்கூட அவன் வைத்துக்கொள்ளவில்லை. இந்தியாவில் 2024 ஜூலை முதல் புதிய சட்டம் வந்து, கொலைக்கான பிரிவு 103 ஆகிவிட்டது. வசனகர்த்தாக்கள் பாவம்!

எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. இந்திய 302, நீதிபதிக்கு மரணம் அல்லது ஆயுள் என்று இரண்டு வழி கொடுத்தது. நம் 302-இல் ஒரே வழி. கொலை நிரூபணமானால் தூக்கு, வேறு பேச்சில்லை. அந்தச் சட்டத்தைக் கொடுத்த பிரிட்டன் தன் நாட்டில் கொலைக்கான தூக்கை 1965-இலேயே நிறுத்திவிட்டது. நாம் கட்டாயத் தூக்கை 2023 வரை வைத்திருந்தோம்.

2023 ஏப்ரல் 3-ஆம் தேதி கட்டாய மரண தண்டனை ஒழிப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது. ஏப்ரல் 11-இல் மேலவையும் ஏற்றது. ஜூலை 4 முதல் அது சட்டம். இப்போதைய 302-இன்படி, கொலைக்குத் தண்டனை மரணம், அல்லது 30 ஆண்டுக்குக் குறையாத, 40 ஆண்டுக்கு மிகாத சிறை. தூக்கு இல்லையென்றால் குறைந்தது 12 பிரம்படியும் உண்டு. பெண்களுக்கும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் பிரம்படி கிடையாது.

ஆக, மரண தண்டனை ஒழிக்கப்படவில்லை. "கட்டாய" என்ற ஒரு சொல்தான் போயிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமலே நம் புலனக் குழுக்களில் ஈராண்டு சண்டை நடந்துவிட்டது. "கொலைகாரனுக்கு இனி தூக்கு இல்லையாம்" என்று ஒருவர் அனுப்புவார். பத்துப் பேர் கோபப் பொம்மை போடுவார்கள்.

என் அக்காள் மகள் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளர். குழுவில் பொம்மை போடுகிற ரகம் இல்லை, நேரில் கேட்கிற ரகம். "மாமா, முப்பது வருஷம்னா உண்மையிலேயே முப்பது வருஷமா?" என்றாள். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. நன்னடத்தைக்காக மூன்றில் ஒரு பங்கு கழியும். அப்படிப் பார்த்தால் 30 என்பது 20-க்குப் பக்கத்தில் வரலாம். "அப்போ இருபத்தஞ்சு வயசுல கொன்னவன் நாப்பத்தஞ்சுல வெளிய வந்து கல்யாணம் பண்ணிக்கலாம். செத்தவன்?" என்றாள். அதோடு விடவில்லை. "நீங்க எழுதுற கட்டுரையில எல்லாம் தூக்குல தொங்கினவங்க பேரு இருக்கு. அவங்க கொன்னவங்க பேரு ஒண்ணாவது உங்களுக்குத் தெரியுமா?"

தூக்கை எதிர்ப்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. நானும் எதிர்ப்பவன்தான். ஆகவே சுற்றி வளைக்காமல் அதற்கே வருகிறேன். அதற்கு முன் பழைய சட்டம் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பல ஆண்டுகளாக எனக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் கூண்டில் நிற்கும்போது அவர்களுக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில் நிற்பது அவர் வேலை. லெபோ பாசார் பக்கம் ஒரு கடையில் தே தாரிக்கை ஆறவிட்டுக்கொண்டே சொன்னார். "தம்பி, நீதிபதி மலாயிலயோ இங்கிலீஷ்லயோ படிச்சிடுவாரு. கூண்டுல நிக்கிறவன் அவரைப் பார்க்க மாட்டான், என் முகத்தைத்தான் பார்ப்பான். சாகிற வரைக்கும் தூக்குல போடணும்னு அவனுக்குத் தமிழ்ல சொல்ற வாய் என்னோட வாய்."

அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் வேறொன்றைச் சொன்னார். திருட்டு வழக்கிலோ அடிதடி வழக்கிலோ குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகு ஒரு கட்டம் இருக்கும். வழக்கறிஞர் எழுந்து, இவருக்கு வயதான தாய், இது முதல் குற்றம், தண்டனையைக் குறையுங்கள் என்று கேட்பார். டிபிபி எழுந்து மறுப்பார். அரை மணி நேரமாவது போகும். கொலை வழக்கில் அந்தக் கட்டமே இருக்காது. கேட்க எதுவும் இல்லை, கொடுக்கவும் எதுவும் இல்லை. "ஒரு வழக்குல செத்தவரோட அப்பா, தானும் ரெண்டு வார்த்தை பேசணும்னு வந்து நின்னாரு. பேசி என்ன ஆகப்போகுது, தண்டனை ஒண்ணுதானேன்னு உக்கார வெச்சுட்டாங்க. அன்னைக்கே எல்லாம் முடிஞ்ச பிறகு, கூண்டுல நின்னவனோட அம்மா என்கிட்ட வந்து, ஐயா எத்தனை வருஷம் போட்டிருக்காங்கன்னு கேட்டாங்க."

எல்லாரும் வாயடைத்துப்போகும் அந்த அறையைத்தான் கட்டாய மரண தண்டனை உருவாக்கியிருந்தது. குடிபோதையில் நடந்த சண்டையில் ஒரே குத்தில் ஆள் செத்தாலும் சரி, ஆறு மாதம் திட்டம் போட்டுக் கூலிக்கு ஆள் வைத்துக் கொன்றாலும் சரி, அது கொலை என்று தீர்ந்துவிட்டால் தண்டனை ஒன்றே. பல ஆண்டுகள் அடி வாங்கிய மனைவி ஒருநாள் திருப்பித் தாக்கினாலும் அப்படித்தான். திடீர் ஆத்திரம் போன்ற விலக்குகள் சட்டத்தில் இருந்தன. அவற்றுக்குள் அடங்கினால் குற்றம் 304-க்கு இறங்கும். அடங்காவிட்டால் தூக்கு. நடுவில் படிக்கட்டு கிடையாது.

இதை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர் நம் ஊர்க்காரர்தான். ஜெலுத்தோங் புலி கர்ப்பால் சிங். 1977-இல் துப்பாக்கி வைத்திருந்ததற்காக 14 வயதுப் பையன் ஒருவனுக்குச் சட்டம் மரண தண்டனை விதித்தது. அவனுக்காக நின்றவர் கர்ப்பால். பையன் பிழைத்தான். 2014-இல் சாலை விபத்தில் கர்ப்பால் இறந்தபோது கட்டாயத் தூக்கு அப்படியே இருந்தது. ஒன்பது ஆண்டு கழித்து ஒழிப்பு மசோதாவை மக்களவையில் நடத்திச் சென்ற துணையமைச்சர், அவர் மகன் ராம்கர்ப்பால். கர்ப்பால் சிங் டிரைவில் குடும்பத்தோடு போய் மீன் சாப்பிடுகிற இளைஞர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தொடர்பு தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

அந்த ஒன்பது ஆண்டும் நேர்கோடாகப் போகவில்லை. 2018 அக்டோபரில் அப்போதைய சட்ட அமைச்சர் லியூ வுய் கியோங், மரண தண்டனையை முழுவதும் ஒழிப்போம் என்றார். நிறைவேற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. அன்று முதல் இந்நாட்டில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் அறிவிப்பு வந்த சில வாரங்களிலேயே கொலையுண்டவர்களின் குடும்பங்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டிப் பேசத் தொடங்கின. எங்களை யாரும் கேட்கவில்லையே என்பது அவர்கள் குமுறல். 2019-இல் அரசாங்கம் பின்வாங்கி, "கட்டாயம்" என்ற சொல்லை மட்டும் எடுப்போம் என்றது. அந்தக் குடும்பங்களைப் பழிவாங்கும் வெறியர்கள் என்று அன்று சில ஆங்கில ஏடுகளில் எழுதியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மக்கள் என்ன நினைக்கிறார்கள்? 2013-இல் பேராசிரியர் ரோஜர் ஹூட் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 1,535 மலேசியர்களைக் கேட்டார்கள். கொலைக்குக் கட்டாய மரண தண்டனை வேண்டும் என்று பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். பிறகு அதே ஆட்களிடம் சில கொலை வழக்குகளை விவரித்து, நீங்களே நீதிபதி, என்ன தண்டனை தருவீர்கள் என்று கேட்டார்கள். எல்லா வழக்குக்கும் தூக்கு என்று சொன்னவர்கள் மிகச் சிறு பகுதியினர்தான். பொதுவாகக் கேட்டால் தூக்கு. ஆளையும் கதையையும் சொன்னால் நம் மக்கள் யோசிக்கிறார்கள். என் அக்காள் மகளும் அப்படித்தான். அடிபட்ட மனைவியின் கதையைச் சொன்னதும், "அது வேற மாமா" என்றாள்.

தூக்கு இருந்தால் கொலை குறையும் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் அத்தனை ஆண்டு ஆய்வுகளையும் அலசி 2012-இல் சொன்னது, அவற்றை வைத்து அப்படியும் சொல்ல முடியாது, இப்படியும் சொல்ல முடியாது என்பதே. தூக்கிலிடும் சிங்கப்பூரையும், 1966-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடாத ஹாங்காங்கையும் ஒப்பிட்டவர்கள், இரண்டிலும் கொலை விகிதம் ஒரே பாதையில்தான் ஏறி இறங்கியது என்றார்கள்.

இப்போது அக்காள் மகளின் கேள்விக்கு வருவோம். கொல்லப்பட்டவர்களின் பெயர்.

தி. நவீன். 18 வயது. 2017 ஜூனில் இதே பினாங்கில் ஒரு கும்பலால் தாக்கப்பட்டு, மருத்துவமனையில் சில நாள் கிடந்து, ஜூன் 15-இல் இறந்தார். அந்த வாரம் நம் வீடுகளில் வேறு பேச்சே இல்லை. பிள்ளைகளை இரவில் வெளியே அனுப்பப் பயந்தோம். குற்றச்சாட்டு 302-இன் கீழ்தான். அப்போது கட்டாயத் தூக்கு. குற்றம் சாட்டப்பட்டவர்களில் 18 வயது நிரம்பாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி தூக்கு பொருந்தாது. அந்த வயதில் கொலை செய்தவரை ஆளுநரோ மாமன்னரோ விரும்பும் காலம்வரை சிறையில் வைக்கலாம். ஏழு ஆண்டுக்கு மேல் இழுத்த வழக்கில், 2024 அக்டோபரில் உயர்நீதிமன்றம் அவர்களை எதிர்வாதம் செய்ய அழைக்காமலே விடுவித்தது. அரசுத் தரப்பு முன்வைத்தது அந்த நீதிமன்றத்துக்குப் போதவில்லை. அதன் மேல்முறையீட்டைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

இன்னொரு பெயர், அடெலினா. இந்தோனேசியாவிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண். 2018 பிப்ரவரியில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வீட்டிலிருந்து மீட்கப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். நாய் கட்டியிருந்த தாழ்வாரத்தில் படுக்க வைத்தார்கள் என்று அன்று செய்தி வந்தது. அங்கேயும் குற்றச்சாட்டு 302. 2019-இல் அரசுத் தரப்பே வழக்கைத் தற்காலிகமாக மீட்டுக்கொள்ளக் கேட்டது. நீதிமன்றம் முழு விடுதலையே தந்தது. 2022 ஜூனில் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்ணுக்காக நம் சமூகம் நவீனுக்கு அழுததில் பாதியாவது அழுததா என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டு வழக்கிலும் சட்டப் புத்தகத்தில் கயிறு தயாராக இருந்தது. அந்தக் காலத்தில் நீதிபதிக்கு அதைக் குறைக்கும் உரிமைகூடக் கிடையாது. அதனால் அந்த இரண்டு குடும்பங்களுக்கும் என்ன கிடைத்தது? விடுவிக்கப்பட்டவர்கள் சட்டத்தின் முன் நிரபராதிகள். அதை மதிக்கத்தான் வேண்டும். அப்படியென்றால் என் பிள்ளைக்கு என்ன நடந்தது, யார் செய்தது என்ற கேள்விக்குப் பதில் எங்கே? அதைத் தர வேண்டியது விசாரணை அதிகாரி, தடயவியல் நிபுணர், பிரேதப் பரிசோதனை, சாட்சியைப் பாதுகாக்கும் ஏற்பாடு. தூக்கா சிறையா என்று நாம் மோதிக்கொள்ளும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. தண்டனையின் கடுமையைப் பற்றிப் பேசுவது எளிது, செலவும் இல்லை. நல்ல புலன்விசாரணைக்கு ஆளும் பணமும் வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. பதில் கிடைத்துவிட்டது என்று அவசரமாக நம்பினால் என்ன ஆகும் என்பதை நமக்குக் காட்டியது தமிழ்நாடு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கு ஒரே நாளில் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. முதல் தீர்ப்போடு கதை முடிந்திருந்தால் அந்த 19 பேரும் இன்று இல்லை. நால்வரில் ஒருவர் பேரறிவாளன், கைதாகும்போது 19 வயது. இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே 2013-இல் வெளியே வந்து, அந்தப் பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை நான் எழுதவில்லை என்றார். கருணை மனுவில் 11 ஆண்டு தாமதம் என்று சொல்லி 2014-இல் தூக்கு ரத்தானது. 2022 மே மாதம் அவர் வீடு திரும்பினார். அவருக்காக அலைந்த தாய் அற்புதம்மாளை இந்த ஊர்த் தமிழர்களுக்கும் தெரியும். அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு சேர்ந்து செத்த காவலர்களின் பெயர் நமக்குத் தெரியுமா? அக்காள் மகளின் கேள்வி அங்கேயும் வந்து நிற்கிறது.

இதைப் பேசினால் உடனே வள்ளுவரை இழுப்பார்கள். கொடியவர்களை அரசன் கொன்று ஒறுப்பது பயிரைக் காக்கக் களையெடுப்பதற்குச் சமம் என்ற பொருளில் செங்கோன்மை அதிகாரத்தில் ஒரு குறள் இருப்பது உண்மை. ஆனால் அதே தமிழில்தான் சிலப்பதிகாரமும் இருக்கிறது. ஒரு பொற்கொல்லன் சொன்னதை நம்பி, விசாரிக்காமல் ஒருவனைக் கொல்லச் சொன்ன அரசன், தவறு தெரிந்ததும் அரியணையிலேயே உயிரை விட்டான். இக்காலத்தில் தவறு தெரிந்தால் அரசு ஓர் அறிக்கை விடும்.

அதனால்தான் 302-இல் மிச்சமிருக்கும் மரணமும் போக வேண்டும் என்று நினைக்கிறேன். இருபதாண்டு கழித்து உண்மை தெரிந்தால் சிறைக் கதவைத் திறக்கலாம். அக்காள் மகள் இதை ஏற்கவில்லை. "நிச்சயமா தெரிஞ்ச வழக்கும் இருக்குல்ல மாமா? கேமராவுல பதிவாகியிருந்தா?" என்கிறாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த "நிச்சயம்" எது என்று எல்லை போட எந்த நாட்டாலும் முடியவில்லை என்பது என் பதில். இந்திய உச்ச நீதிமன்றம் 1980-இல் "அரிதினும் அரிதான வழக்கு" என்று ஓர் அளவுகோல் வைத்தது. எது அரிது என்பதில் அங்கே நீதிபதிக்கு நீதிபதி இன்றுவரை வேறுபடுகிறார்கள். நம் புதிய 302-இல் அந்த அளவுகோல்கூட இல்லை. எப்போது மரணம், எப்போது சிறை என்று பிரிவு ஒன்றும் சொல்லவில்லை, நீதிபதியிடம் விட்டுவிட்டது.

பழைய கைதிகளுக்காக இன்னொரு சட்டமும் 2023 செப்டம்பரில் வந்தது. மரண தண்டனைக் கைதிகள் 1,300-க்கும் மேல் இருந்த நாடு இது. பெரும்பாலோர் போதைப்பொருள் வழக்குகளில் சிக்கியவர்கள். தண்டனையை மறுஆய்வு செய்யக் கூட்டரசு நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க அந்தச் சட்டம் வழிவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் முதல் விண்ணப்பங்கள் விசாரிக்கப்பட்டு, தூக்குகள் 30 ஆண்டு, 40 ஆண்டு என்று மாறத் தொடங்கின. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. ஈப்போவின் நாகேந்திரன் தர்மலிங்கம் 2022 ஏப்ரலில் சாங்கியில் தூக்கிலிடப்பட்டார். அது கொலை வழக்கு அல்ல, போதைப்பொருள் வழக்கு.

இந்த மாற்றத்தில் நான் முக்கியமாக நினைப்பதை யாரும் அதிகம் பேசவில்லை. நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 183ஏ என்று ஒரு பிரிவு பல ஆண்டுகளாகவே இருக்கிறது. தண்டனை சொல்வதற்கு முன், பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பத்தாரோ கேட்டுக்கொண்டால், அந்தக் குற்றம் தங்களை என்ன செய்தது என்று சொல்ல நீதிமன்றம் அவர்களை அழைக்க வேண்டும். வர முடியாதவர்கள் எழுத்திலும் கொடுக்கலாம். கொலை வழக்கில் அந்தப் பிரிவுக்கு இத்தனை காலமும் பயனே இல்லை. தண்டனை ஒன்றுதான் என்று ஆன பிறகு அப்பா பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன? அந்த மொழிபெயர்ப்பாளர் பார்த்த மனிதரை உட்கார வைத்தது அதனால்தான். இப்போது நீதிபதி 30-க்கும் 40-க்கும் நடுவிலோ, சிறைக்கும் தூக்குக்கும் நடுவிலோ தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தாயின் சொல்லுக்கு இப்போது எடை உண்டு. தூக்கு கட்டாயமாக இருந்த நாளில் மௌனமாக்கப்பட்டவர்கள் இரு பக்கத்துக் குடும்பங்களும்தான்.

ஆனால் சட்டம் சொல்வது "கேட்டுக்கொண்டால்" என்று. கேட்கலாம் என்பது யாருக்குத் தெரியும்? தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்த ஒரு தாய்க்கு, வழக்கு எந்த நீதிமன்றத்தில், எந்தத் தேதியில் என்பதே பல சமயம் பத்திரிகை பார்த்துத்தான் தெரிகிறது.

இளம் வழக்கறிஞர்களும், கோவில், சங்கப் பொறுப்பில் இருப்பவர்களும் இந்தப் பத்தியைப் படிப்பதால் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் இப்படி ஒன்று நடந்துவிட்டால், விசாரணை அதிகாரியின் பெயர், தொலைபேசி எண், போலீஸ் புகார் எண் மூன்றையும் முதல் வாரத்திலேயே எழுதி வாங்கி வையுங்கள். வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனதும், அதை நடத்தும் டிபிபி யார் என்று விசாரித்து, தண்டனைக் கட்டத்தில் குடும்பம் பேச விரும்புகிறது என்று முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். தீர்ப்பன்று போய்ச் சொன்னால் நேரம் இருக்காது. தமிழில்தான் பேச வரும் என்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள், மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடாக வேண்டும். இறந்தவர் வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்தவராக இருந்தால், சம்பளச் சீட்டு, இபிஎஃப் கணக்கு விவரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றின் நகலையும் சேர்த்து டிபிபியிடம் கொடுத்து, 426-ஆவது பிரிவின்கீழ் இழப்பீடு கேட்கச் சொல்லுங்கள். அவர் விண்ணப்பித்தால், குற்றவாளி இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். குற்றவாளியிடம் காசு இல்லையென்றால் உத்தரவு காகிதமாகவே இருக்கும். ஆனாலும் கேட்டு வையுங்கள்.